பத்தாவது கால்

அவள் பெயர் நெவேனா கோலேவா. ரூசே நகரின் மேட்டுப் பகுதியில், சிமெண்டுப் பலகைகளை நிறுத்தி எழுப்பிய நெடிய கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். எந்தப் பொருளை வாங்கினாலும், அதனுடன் வரும் குறிப்புத்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முடித்த பின்னரே பொருளைத் தொடுவாள். சலவை இயந்திரமாயினும் சரி, முட்டை அடிக்கும் கரண்டியாயினும் சரி. காபியைக் காய்ச்சி வைத்துவிட்டு மறந்துபோவாள். பிறகு, ஆறிப்போயிற்றே என்று குறைபட்டுக்கொண்டே அதைக் குடித்து முடிப்பாள். கழற்றிய திருகாணிகள் மிளகாய்த் தொக்கு வந்த கண்ணாடிச் சாடிகளில் அவள் வீட்டில் நிறைந்திருக்கும். யாரேனும் தன்னுடன் பேசினால் அவருடைய கண்ணைப் பார்க்கமாட்டாள், பல்லைப் பார்ப்பாள். அது தொழில் தந்த பழக்கம்.

பல் உறைகளையும், விழுந்த பற்களின் இடத்தை அடைக்கும் பாலங்களையும் கணினியில் வடிவமைப்பது அவளுடைய தொழில். மருத்துவர் நோயாளியின் வாயை அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவின்மேல் நெவேனா திரையில் புதுப் பல்லைச் செதுக்குவாள். அதன்பின் ஓர் இயந்திரம் அதனைக் கடைந்தெடுக்கும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எந்த இடத்தில், எவ்வளவு தொடவேண்டும் என்பதே அத்தொழிலின் உயிர். மயிரிழை உயர்ந்துவிட்டால் போதும். மனிதன் ரொட்டியைக் கடிக்கும்போதெல்லாம் செய்தவரை ஏசுவான்.

பல ஆண்டுகளாக அவள் வேலை பார்த்தது லூபெனுடைய பல் கூடத்தில். லூபென் அவளுடைய அக்காள் தாரினாவின் கணவர். பருத்த உடம்பும் உரத்த குரலும் உடையவர். நெவேனாவின் திருமணம் முறிந்து, அவள் ஒரு பெட்டியுடன் வந்து நின்றபோது, வேறொன்றும் கேளாமல் ஒரு நாற்காலியையும் ஒரு வேலையையும் கொடுத்தவர் அவரே. அந்த நன்றியை அவளும் மறக்கவில்லை, அவரும் மறக்கவிடவில்லை.

சென்ற குளிர்காலத்தில் லூபென் ஆயத்தப் பல் வடிவங்களின் தொகுப்பு ஒன்றை வாங்கினார். அதிலிருந்து ஒன்றை எடுத்து, இருக்கும் இடைவெளியில் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது.

“மூணு தட்டு தட்டினா ஒரு பல்லு. எதுக்கு ஒவ்வொண்ணையும் கோயில் சிலை மாதிரி செதுக்கிட்டிருக்கே?” என்றார்.

“இது உயரமா நிக்கும், அத்தான். கடிக்கும்போது இடிக்கும்.”

“இடிச்சா டாக்டர் வாய்க்குள்ளேயே ராவிக்குவார். அதுக்குத்தானே அவர் கையில மெஷின் இருக்கு?”

“வாய்க்குள்ள ராவுற பல்லு என் வேலை இல்லை.”

இந்த வாக்குவாதம் பல வாரங்கள் நீண்டது. மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், நெவேனா தன் காபிக் கோப்பையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். வாசல்வரை வந்த லூபென், “எந்த மெஷின்ல வேலை பாப்பே? உன் மடிக்கணினி பல்லைத் திருப்பிக் காட்டறதுக்குள்ள நோயாளிக்குப் பேரன் பொறந்துடுவான்!” என்று சிரித்தார்.

“நானே ஒண்ணு கட்டிக்கிறேன்.”

“கட்டு, கட்டு. உன் நாற்காலி காலியாத்தான் இருக்கும். பூ ஞாயிறு கழிச்சுத் திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாப்பேன். அதுக்கப்புறம் வேற ஆள்.”

ஆனால் லூபென் முழுக்க முழுக்கக் கெட்டவர் அல்லர். மறுநாளே, கூடத்துக் கிடங்கிலிருந்து பழைய கணினி ஒன்றின் கேபினெட்டைத் தோளில் சுமந்து ஆறு மாடி ஏறி வந்தார். “கட்டறதுதான் கட்டறே, நல்ல இரும்புல கட்டு. இப்பல்லாம் கேபினெட்னு சொல்லித் தகர டப்பா விக்கிறானுங்க,” என்று கூறி இறக்கிவைத்தார். அந்நகரில் எவரும் கேபினெட்டை எறிவதில்லை. உள்ளிருப்பவை செத்துப்போன பிறகும், பால்கனியில் ஊறுகாய்ச் சாடிகளின் நடுவே அது அடுத்த கணினிக்காகக் காத்திருக்கும். ஆதலால் நெவேனாவும் அதனை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மதர்போர்டும் பிராசசரும், மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் புதியவை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் வர்ணா நகரில் ஒருவர் பயன்படுத்தி விற்றது. செய்தித்தாளில் சுற்றி அஞ்சலில் வந்தது. மாலைதோறும் ஒவ்வொரு குறிப்புத்தாளாகப் படித்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவசரமும் இருந்தது. சிலிஸ்திராவில் பல் மருத்துவம் பார்க்கும் இஸ்க்ரா, திங்கட்கிழமை காலையில் ஒரு பாலத்திற்கான அளவுகளை அனுப்புவதாக இருந்தாள். நோயாளிக்கு ஈஸ்டருக்குள் பல் வேண்டும். “இது நல்லா வந்துட்டா, இனிமே என் வேலை எல்லாம் உனக்குத்தான், நெவி. வரலைன்னா பழையபடி லூபென்கிட்ட அனுப்பிடுவேன். மனசுல வெச்சுக்காதே,” என்று அவள் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தாள். ஆகவே திங்கட்கிழமை காலையில் ஒன்று இந்தக் கணினி விழிக்கவேண்டும்; அல்லது நெவேனா பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, மூன்று தட்டில் ஒரு பல்லைத் தட்டவேண்டும். இடைப்பட்ட வழி ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, முன்புறப் பொத்தானை அழுத்தினாள். உள்ளிருந்த விசிறிகள், உறக்கத்தில் தோளைக் குலுக்குபவனைப்போல் ஒரு முறை அசைந்தன. அவ்வளவே, நின்றுவிட்டன. மறுபடி அழுத்தியபோது அந்த அசைவும் இல்லை. பின்புற விசையை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டாள். அதே குலுக்கல், அதே மௌனம்.

அவள் சுவரிலிருந்து தொடங்கினாள். கணினி செருகப்பட்டிருந்த அதே துளையில் மேசை விளக்கைச் செருகினாள், எரிந்தது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் பெரிய செருகியைக் கழற்றி, சொடுக்கென்று ஓசை வரும்வரை மீண்டும் அழுத்தினாள். பிராசசருக்கென்று மூலையில் தனியாக ஒரு செருகி உண்டு. முதன்முறை கட்டுவோர் பெரும்பாலும் மறப்பது அதைத்தான். அவள் மறந்திருக்கவில்லை, ஆயினும் கழற்றி மாட்டினாள். ராம் துண்டுகளை இடம் மாற்றிப் பார்த்தாள். ஒன்றை மட்டும் விட்டுப் பார்த்தாள். அவளுடைய பெரிய ஐயம் வர்ணாவிலிருந்து வந்த கார்டின்மேல் இருந்தது. அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு அழுத்தினாள். அது இல்லாமலும் அதே குலுக்கல். பொத்தான்தான் கெட்டதோ என்று எண்ணி, அதன் கம்பியைக் கழற்றிவிட்டு, கம்பி சேர்ந்திருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டாள். விசிறிகள் தோளைக் குலுக்கி மீண்டும் உறங்கின.

“நீ எவ்வளவு நேரம் தூங்கறேன்னு நானும் பாக்கறேன்,” என்று அதனிடம் சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தாள்.

மறுநாள் பூ ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. பூவின் பெயரைத் தாங்கியவர்க்கெல்லாம் அன்று பெயர் நாள். நெவேனா என்பதும் சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் பெயரே. பிறந்த நாளுக்கு வேண்டுமானால் ஆளை அழைக்கலாம். பெயர் நாளுக்கு எவரும் எவரையும் அழைப்பதில்லை. வர நினைப்பவர் வருவர். வந்தவர்க்குக் கதவைத் திறக்காத வீட்டைப் பற்றி மாடிப்படி முழுவதும் ஓராண்டு பேசும். ஆதலால், கணினி கிடந்த கிடையிலும், அவள் வாதுமைக் கொட்டைகளை அடைத்த கெண்டை மீன் ஒன்றை அடுப்பில் ஏற்றினாள். மேசையை மட்டும் ஒதுக்கவில்லை. வீட்டிலிருந்த பெரிய மேசை அது ஒன்றே. அதன்மேல் வயிறு திறந்த கேபினெட் படுத்திருந்தது.

நண்பகலில் மணி அடித்தது. லூபென் ஒரு கையில் பூங்கொத்தும் மறு கையில் வைன் புட்டியுமாக நின்றார். பின்னால், குருத்தோலைக்குப் பதிலாகக் கோயிலில் தரும் வில்லோ கிளையையும் ஒரு பாத்திரத்தையும் ஏந்தியபடி தாரினா நின்றாள்.

“பேரை நல்லபடியா சுமந்துக்கிட்டு நூறு வருஷம் இரு, மச்சினி!” என்று முழங்கிக்கொண்டே லூபென் உள்ளே வந்தார். மேசையைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. “இது என்னது? சாப்பாட்டு மேசையில பொணத்தைக் கிடத்தி வெச்சிருக்கே?”

“பொணம்னு இன்னும் எந்த டாக்டரும் எழுதித் தரலை, அத்தான். உக்காருங்க.”

“எங்க உக்கார? மீனை எங்க வைக்க? மேசையை ஒதுக்கு, நெவி,” என்றாள் தாரினா.

“இஸ்திரிப் பலகையை விரிச்சு வெச்சிருக்கேன், அக்கா. வெள்ளைத் துணியும் போட்டிருக்கேன், பாரு.”

“பேர் நாள் விருந்து இஸ்திரிப் பலகையிலயா! யாராவது கேட்டா சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும். மீன் சூடா இருக்கு.”

எதிர் வீட்டுக் கென்கோவும் வந்து சேர்ந்தார். நகரப் பேருந்து ஓட்டுபவர். சொந்தமாய்க் காய்ச்சிய ராக்கியா என்னும் பழச்சாராயம் ஒரு புட்டியுடன் வந்தார். கேபினெட்டின் உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன, கிளம்ப மாட்டேங்குதா? பேட்டரி இறங்கியிருக்கும். நாலு பேர் இருக்கோம், தள்ளிவிட்டுப் பாக்கலாமா?” என்றார்.

“தள்ளிவிடலாம் கென்கோ அண்ணே, ஆறாவது மாடியாச்சேன்னுதான் யோசிக்கிறேன்.”

எல்லோரும் சிரித்தனர். தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மீனைத் தின்றனர். நெவேனாவுக்கு மட்டும் மீனின் சுவை தெரியவில்லை. லூபென் அவளைப் பார்ப்பதும் கேபினெட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

“இங்க பாரு, நெவி. வீம்பு போதும். இதை அப்படியே என் வண்டியில ஏத்திக்கிறேன். நம்ம லேப்புக்கு மெஷின் பாக்கற பையன்கிட்ட குடுத்தா, ஒரு வாரத்துல சரி பண்ணிக் குடுப்பான். அதுவரைக்கும் நீ சும்மா இருக்க வேண்டாம். நாளைக்கு எட்டு மணிக்கு வந்து உன் நாற்காலியில உக்காரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்.”

அவர் கேபினெட்டின் இருபுறமும் கை கொடுத்துத் தூக்கியேவிட்டார்.

“கீழ வைங்க, அத்தான்.”

“நான் நல்லதுக்குத்தான்...”

“தெரியுது. கீழ வைங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் கென்கோ முள்கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினார். லூபென் கேபினெட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“பெட்டியோட வந்து நின்னியே, அன்னிக்கு யார் கதவைத் திறந்தது?” என்றார். இம்முறை அவருடைய குரலில் கேலி இல்லை.

“நீங்கதான். யார் கேட்டாலும் சொல்வேன். அதுக்காக இடிக்கிற பல்லைச் செய்யச் சொன்னா செய்ய மாட்டேன்,” என்றாள் நெவேனா. பின்னர் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்; ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்; விருந்தினர் பார்த்திருக்க, மதர்போர்டைப் பிடித்திருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாடியில் போட்டாள்.

சனிக்கிழமை அவள் செய்யாமல் விட்டது இது ஒன்றே. எல்லாவற்றையும் கேபினெட்டுக்கு வெளியே எடுத்து வைத்து, உயிர் வாழ இன்றியமையாதவற்றை மட்டும் சேர்த்து எழுப்பிப் பார்ப்பது. எழுந்தால், பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுவது. வெளியே வைப்பதற்கு உலோகமல்லாத ஒரு பரப்பு வேண்டும். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டி இதற்குப் பொருத்தமானதுதான். ஆனால் கென்கோ மீன் தட்டை அதன்மேல் வைத்திருந்தார். அட்டை எண்ணெயில் ஊறியிருந்தது. நெவேனா சமையலறைக்குச் சென்று, கதவின் பின்னால் சாய்ந்திருந்த அகன்ற மரப்பலகையைக் கொண்டுவந்தாள்.

“ஐயோ, அது மாவுப் பலகை!” என்று தாரினா பதறினாள். “இந்த வாரம் ஈஸ்டர் கொசுனாக் ரொட்டிக்கு மாவு அதுலதான் பிசையணும்!”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே, அக்கா.”

பலகையின்மேல் மதர்போர்டை வைத்தாள். பிராசசர் அதன் விசிறியோடு அதில் இருந்தது. ராம் துண்டு ஒன்றைச் செருகினாள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பக்கத்தில் கிடத்தி, அதன் இரண்டு செருகிகளையும் மாட்டினாள். திரையின் கம்பியை இணைத்தாள். மின்சாரத்தைக் கொடுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு ஊசிகளையும் தொட்டாள்.

விசிறி சுழன்றது. நிற்கவில்லை. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

“ஓடுது!” என்று கென்கோ துள்ளியெழுந்தார். “நான்தான் சொன்னேனே, பேட்டரின்னு!”

தாரினா கை தட்டினாள். லூபென் மட்டும் வைனை ஒரு வாய் பருகிவிட்டு, “சரி, இப்ப உள்ள போட்டு மூடு, பாக்கலாம்,” என்றார்.

நெவேனா மறுபடி எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் இறக்கி, திருகாணிகளை முடுக்கி, அழுத்தினாள். விசிறி தோளைக் குலுக்கியது. மௌனம்.

“பாத்தியா? ஒத்திகையில பாடுது, மேடை ஏறினா தொண்டை கட்டிக்குது,” என்றார் லூபென். “புதுசா வாங்கினதுல ஏதோ ஒண்ணு நொண்டி. எதுன்னு நீ கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஈஸ்டர் போயிடும். இஸ்க்ரா உனக்காகக் காத்திருப்பாளா? எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. அவளே நேத்து போன் பண்ணினா, ஒருவேளை என்கிட்ட வேலை வந்தா கையில நேரம் இருக்கான்னு.”

நெவேனாவின் காதுமடல் சுட்டது. ஆனால் அவள் லூபெனைப் பார்க்கவில்லை, கேபினெட்டையே பார்த்திருந்தாள். வெளியே இருக்கும்போது உயிரோடிருக்கிறது. உள்ளே போனால் சாகிறது. புதிதாக வாங்கியவற்றில் ஏதேனும் நொண்டியாயிருந்தால் பலகையின்மேலும் அது நொண்டத்தானே வேண்டும்? இத்தகைய நோயை அவள் அறிவாள். மாதிரி அச்சில் அழகாக உட்காரும் பல் உறை, வாயில் ஏறியதும் நோகிறது. அப்போது உறையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பவன் அறிவிலி. உறையும் எதிர்ப்பல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்க்கவேண்டும்.

இழுப்பறையைத் திறந்து, நீலத்தாள் கற்றை ஒன்றை எடுத்தாள். பல் மருத்துவர் நோயாளியைக் கடிக்கச் சொல்வாரே, அந்த மெல்லிய தாள். பல் எந்த இடத்தில் அழுந்துகிறதோ அந்த இடத்தில் நீலப் புள்ளி பதியும்.

“அதை எதுக்கு எடுக்கறே?” என்று லூபென் கேட்டார். தொழில் தெரிந்தவராதலால் அவருடைய குரலில் ஆவல் தலைகாட்டியது.

“இதைக் கடிக்கச் சொல்லப்போறேன், அத்தான்.”

மின்கம்பியைப் பிடுங்கினாள். மதர்போர்டை வெளியே எடுத்தாள். கேபினெட்டின் உட்புறத் தகட்டில், திருகாணிகளை ஏற்பதற்கென்று சிறு பித்தளைக் கால்கள் நின்றன. மதர்போர்டின் அடிப்புறம் இரும்பில் படாதபடி தூக்கிப்பிடிப்பவை அவையே. அந்தக் கால்களின்மேல் நீலத்தாள்களை வரிசையாகப் பரப்பினாள். மதர்போர்டைச் சரியான இடத்தில் இறக்கி, இரண்டு கைகளாலும் பதமாக அழுத்தினாள். பிறகு எடுத்துப் புரட்டி, சன்னல் வெளிச்சத்தில் காட்டினாள்.

திருகாணித் துளை ஒவ்வொன்றையும் சுற்றி நீல வளையம் பதிந்திருந்தது. அவை இருக்கவேண்டியவை. நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, துளையே இல்லாத ஓரிடத்தில், ஈயப் பற்றுகள் நெருங்கி நின்ற இடத்தில், இன்னொரு நீலப் புள்ளி அழுத்தமாகப் பதிந்திருந்தது.

நெவேனா தாள்களை விலக்கிக் கேபினெட்டினுள் கால்களை எண்ணினாள். மதர்போர்டில் துளைகள் ஒன்பது. உள்ளே கால்கள் பத்து.

குறிப்புத்தாளில் அது எழுதியிருந்தது; அவளும் படித்திருந்தாள். ஒவ்வொரு துளையின் கீழும் கால் உண்டா என்று பார்த்திருந்தாள். ஒவ்வொரு காலின் மேலும் துளை உண்டா என்று பார்க்கவில்லை. முன்பு அந்தக் கேபினெட்டினுள் குடியிருந்த வேறோர் அளவுள்ள மதர்போர்டுக்காக நட்ட கால் அது. புதியதன் முதுகில் முள்போல் குத்தி, மின்சாரத்தை இரும்புக்குக் கடத்திக்கொண்டிருந்தது. ஆபத்தை உணர்ந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, தொடங்கிய கணமே தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. வர்ணாக்காரரின் கார்டு குற்றமற்றது. அவள் வாங்கியவை அனைத்தும் குற்றமற்றவை. ஐயுறாமல் விட்டது, அன்பளிப்பாய் வந்த அந்த ஒன்றைத்தான்.

லூபென் குனிந்து பார்த்தார்.

“அதை நான்தான் போட்டேன்,” என்றார். “அந்தப் பழைய போர்டு நடுவுல தொங்குதுன்னு... எப்பவோ. சத்தியமா ஞாபகமே இல்லை, நெவி.”

“தெரியும், அத்தான். வேணும்னு செய்ற ஆள் இல்லை நீங்க.”

“உயரமா நின்னுடுச்சு,” என்றார் கென்கோ, நீலப் புள்ளியைச் சுட்டிக்காட்டி. அவர் ராக்கியாப் புட்டியை நீட்டினார். “இதால துடைச்சா மை போயிடும். எழுபது டிகிரி!”

“அது உங்களுக்கு, அண்ணே. எனக்கு ஸ்பிரிட் இருக்கு.”

அவள் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மையைத் துடைத்தாள். லூபென் சாடிகளின் நடுவே துழாவி ஒரு குறட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பத்தாவது காலைப் பற்றித் திருகினார். முகம் சிவக்கத் திருகினார். களிம்பேறி இறுகியிருந்த கால் அசையவில்லை. குறடு வழுக்கி அவருடைய விரல் முட்டியில் தோல் உரிந்தது.

“வரும். நல்ல இரும்பு, கொஞ்சம் பிடிவாதம் பண்ணும்,” என்று விரலை வாயில் வைத்தவாறே சொன்னார். பிறகு குறட்டைக் கீழே வைத்து, மற்றவர் காதில் விழாதவாறு குரலைத் தாழ்த்தினார். “கேளு, நெவி. நீ போனதுக்கப்புறம் பல்லுங்க திரும்பி வருது. ரெண்டு டாக்டர் சத்தம் போட்டாங்க. வந்துடு. உன் இஷ்டப்படியே செதுக்கு. யாரும் உன்னை மூணு தட்டு தட்டச் சொல்ல மாட்டாங்க. அவசர வேலைக்கு மட்டும்...”

“அவசர வேலைக்கு மட்டும்,” என்று நெவேனா திருப்பிச் சொன்னாள்.

“மட்டும்தான். சத்தியமா.”

பல் கூடத்தில் அவசரமல்லாத வேலை என்று ஒன்று வந்ததை அவள் இத்தனை ஆண்டுகளில் கண்டதில்லை. ஒரு கணம், சன்னலோரம் இருந்த அந்த நாற்காலி அவள் நினைவுக்கு வந்தது. அதன் கைப்பிடியில் தன் முழங்கை தேய்த்த இடமும் நினைவுக்கு வந்தது. லூபெனின் பற்களைப் பார்த்தாள். கீழ்வரிசையில் வலப்புறத்து உறை, அவள் முதன்முதலில் அவருக்காகச் செய்தது, இன்றுவரை இடிக்காதது.

அவள் மதர்போர்டைத் தூக்கி மீண்டும் மாவுப் பலகையின்மேல் வைத்தாள். இம்முறை பலகையின் விளிம்பை ஒட்டி வைத்தாள். கிராபிக்ஸ் கார்டின் தகடு விளிம்புக்கு வெளியே தொங்கவேண்டும் என்பதற்காக. கார்டைச் செருகினாள், அது நிமிர்ந்து நின்றது. மடிக்கணினியில் இருந்த வன்வட்டைக் கழற்றி இதில் இணைத்தாள். ஸ்க்ரூடிரைவர் முனையால் ஊசிகளைத் தொட்டாள். விசிறிகள் சுழன்றன. திரை ஒளிர்ந்தது. சற்று நேரத்தில் அவளுடைய வடிவமைப்பு நிரல் திறந்து, பழைய வேலை ஒன்றின் கடைவாய்ப் பல் திரை நடுவே வந்து நின்றது. மவுசை நகர்த்தினாள். பல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. மேடும் பள்ளமும் தடையின்றித் திரும்பின.

“அடேயப்பா! என் வாயில இருக்கறதைவிட அழகா இருக்கே!” என்றார் கென்கோ.

தாரினா தங்கையின் அருகில் வந்து நின்றாள். பல்லையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தாள். “இதை இப்படியேவா வெச்சுக்கப்போறே? அம்மணமா? கொசுனாக்கை எதுல பிசைவே?”

“இந்த வருஷம் கடையில வாங்கிக்கிறேன், அக்கா.”

ஈஸ்டருக்குக் கொசுனாக்கைக் கடையில் வாங்கும் பெண்ணைத் தாரினா அதுவரை தன் உறவில் கண்டதில்லை. எனினும், தான் கொண்டுவந்த வில்லோ கிளையைத் திரையின் மேல்விளிம்பில் செருகி வைத்தாள்.

லூபென் மேலங்கியை மாட்டிக்கொண்டார். கதவருகில் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றார். ஏதேனும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பியவரைப்போல் தோன்றினார்.

“அப்போ நாளைக்கு?” என்றார்.

நெவேனா காலியான கேபினெட்டை மூடி, பக்கத் தகட்டைப் பொருத்தி, துணியால் தூசியைத் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

“இது உங்களோடது, அத்தான். நாளைக்கு நான் வரலை.”